மைதா படாத எண்ணெய்

எனக்கு முப்பத்தைந்து வயதானபோது, திருநெல்வேலியில் ஒரு மருத்துவர் இனிமேல் ஆயுசுக்கும் கோதுமை சாப்பிடக் கூடாது என்று சொன்னார். ரத்தப் பரிசோதனையும், வாய் வழியாகக் குழாய் விட்டுக் குடலில் இருந்து எடுத்த துணுக்கும் அதைத்தான் சொல்லின. சீலியாக் என்று அந்த நோய்க்குப் பெயர். கோதுமையில் இருக்கிற குளூட்டன் என்ற ஒரு சத்து என் குடலை உள்ளே இருந்து அரித்துக்கொண்டிருக்கிறது, அதனால் எதைத் தின்றாலும் உடம்பில் ஒட்டவில்லை என்றார். ஒரு தாளில் வரிசையாக எழுதிக் கொடுத்தார். கோதுமை, மைதா, ரவை, சேமியா, ரஸ்க், பிஸ்கட், பார்லி, மால்ட்.

எழுதிக்கொண்டே, "குழந்தைங்க எத்தனை?" என்று கேட்டார்.

"இல்ல சார். நாலு தடவ தங்கல."

பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையும் பக்கத்தில் இருந்த என் கணவரையும் பார்த்தார். "இதுவும் ஒரு காரணமா இருந்திருக்கலாம். உறுதியாச் சொல்ல முடியாது. நம்ம பக்கம் இந்த நோய் கம்மிங்கிறதால யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டாங்க" என்றார்.

"இப்ப நிறுத்திட்டா?" என்றார் என் கணவர்.

"மொதல்ல குடல் ஆறட்டும். அதுக்கே ரெண்டு வருசம் ஆகும்."

தென்காசி பஸ்ஸில் திரும்பினோம். பாவூர்சத்திரம் தாண்டியதும் அவர் என் பக்கம் திரும்பாமலே சொன்னார். "அம்மாட்ட அந்தப் புள்ளைங்க விசயத்தச் சொல்ல வேண்டாம். கோதுமை ஆகாதுன்னு மட்டும் சொல்லுவோம்."

நான் சரி என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை.

என் பிறந்த வீடு சுரண்டையில். இருபத்திரண்டு வயதில் இலஞ்சிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். கணவர் லைன்மேன். மாமனார் போலீஸில் இருந்து, பணியில் இருக்கும்போதே இறந்துபோனவர். அத்தை ஒற்றை ஆளாக இரண்டு வயலையும் கொஞ்சம் தென்னையையும் வைத்துக்கொண்டு மகனை வளர்த்தவர். அகன்ற தோள், கனத்த குரல். வாய்க்கால் தண்ணீர் முறையில் யாராவது ஏமாற்றினால் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரப்பிலேயே போய் நிற்பார்.

கல்யாணமான அடுத்த வருடம் முதல் பிள்ளை மூன்றாம் மாதம் கலைந்தது. பிறகு இரண்டாவது. பிறகு மூன்றாவது. நாலாவது ஏழு மாதம் வரைக்கும் வந்தது. பெண். தென்காசி ஆஸ்பத்திரியில் உயிரில்லாமல் பிறந்தாள். துணியில் சுற்றி அத்தை கையில்தான் கொடுத்தார்கள். அவர் என்னிடம் காட்டவில்லை. காட்டச் சொல்லி நானும் கேட்கவில்லை.

ஒவ்வொரு தடவையும் ஆஸ்பத்திரியில் இருந்து வந்ததும் அத்தை எனக்குச் சாப்பாடு போடத் தொடங்குவார். காலையும் மாலையும் பாலில் மால்ட் பொடி. பத்து மணிக்குச் சம்பா கோதுமை ரவைக் கஞ்சி. நாலு மணிக்குப் பாலில் நனைத்த ரஸ்க். டம்ளர் காலியாகும் வரை பக்கத்திலேயே நிற்பார். "குடிட்டி. ஒடம்புல ரத்தம் ஊறணும்லா" என்பார். குடித்த கொஞ்ச நேரத்தில் வயிறு பானை மாதிரி உப்பும். அப்புறம் பின்கட்டுக்கு ஓட்டம். வாயெல்லாம் புண். தலைமுடி கொத்தாக வரும். இரும்புச்சத்து ஊசி எத்தனை போட்டாலும் ரத்தம் ஏறாது. கவலையில் இப்படி இருக்கிறாள் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

சொந்தக்காரர்கள் அத்தையிடம் வேறு பேச்சும் பேசினார்கள். ஒருத்தி வீட்டுக்குள்ளேயே வந்து, நான் அடுக்களையில் இருக்கிறேன் என்று தெரிந்தே, "ஒத்தைக்கு ஒரு மவன். இப்படியே விட்டுரப் போறீகளா?" என்று கேட்டாள். அத்தை எழுந்து வாசல் கதவை விரியத் திறந்தார். "எம் மருமவளுக்கு ரத்தம் கம்மி. வேற ஒண்ணுமில்ல. நீ கெளம்பு" என்றார். அன்று சாயங்காலம் ரஸ்க் இரண்டு கூடுதலாக வந்தது. எனக்காகச் சண்டை போட்ட மனுஷி நீட்டும் டம்ளரை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? குடித்தேன்.

இதனால்தான் பஸ்ஸில் நான் ஏன் என்று கேட்கவில்லை.

கோதுமை ஆகாது என்ற செய்தியை அத்தை லேசாகத்தான் எடுத்துக்கொண்டார். "இவ்வளவுதானா? அரிசி ஆகாதுன்னு சொல்லியிருந்தாதான் கஷ்டம். நமக்கு என்ன, வயலு இருக்கு" என்று சிரித்தார். மால்ட் டப்பாவையும் ரவைப் பொட்டலத்தையும் அன்றே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தார். மூன்று மாதத்தில் என் வயிற்று உப்பல் வடிந்தது. ஆறு மாதத்தில் ரத்தம் ஏறியது. கண்ணாடியில் எனக்கே அடையாளம் தெரியாத ஒரு முகம் வந்தது. அத்தை என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இந்தக் கோதுமைக்காக எத்தன ஆசுபத்திரி அலைஞ்சோம்" என்றார். அவ்வளவோடு அந்தப் பேச்சு நின்றது. நான் தப்பித்ததாக நினைத்தேன்.

இட்லி, தோசை, சோறு எதிலும் எனக்குக் குறை இல்லை. பரோட்டாவுக்கு வெளியூரில் இருந்து கார் போட்டுக்கொண்டு வருகிற ஊர்ப் பக்கம் இது. அதைக்கூட நான் விட்டுவிட்டேன். என் கணவர் வெளியே சாப்பிட்டுவிட்டு, வாய் கொப்பளித்துக்கொண்டுதான் வீட்டுக்குள் வருவார். எனக்குக் கஷ்டமாக இருந்தது நாலு மணிதான்.

நான் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர். நாலு மணிக்கு டீ வரும், கூடவே யாராவது ஒரு பொட்டலத்தைப் பிரிப்பார்கள். முறுக்கு, மிக்சர், காராச்சேவு, பிஸ்கட். மற்றவர்கள் ஒருத்தர் கையில் இருந்து ஒருத்தர் எடுத்துத் தின்பார்கள். நான் மட்டும் என் டப்பாவைத் திறந்து வீட்டில் வறுத்த நேந்திரங்காய் வறுவலைத் தின்பேன். கடையில் தொங்குகிற உருளைக்கிழங்கு சிப்ஸ் பாக்கெட்டின் முதுகில், எறும்பு எழுத்தில், கோதுமை கலந்திருக்கலாம் என்று போட்டிருக்கும். அதனால் நேந்திரங்காய்தான். திங்கள் முதல் வெள்ளி வரை நேந்திரங்காய். ஒன்றரை வருடம். கடைசியில் அந்த மஞ்சள் நிறத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுவரத் தொடங்கினேன்.

அத்தை அதைக் கவனித்துவிட்டார். "ஏன்ட்டி திங்காம கொண்டாந்துருக்க?"

"வேற ஏதாவது மொறுமொறுன்னு திங்கணும் போல இருக்கு அத்தை. இந்த நேந்திரங்கா போதும்."

பிள்ளை போன பிறகு நான் வாய்விட்டுக் கேட்ட முதல் பொருள் அதுவாகத்தான் இருக்கும். அத்தை முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "இதென்ன பெரிய காரியம்" என்று எழுந்தார்.

மறுநாளே அரிசி மாவில் முறுக்கு சுட்டார். நான் ஆசையோடு பத்துப் பதினைந்து தின்றிருப்பேன். இரண்டாம் நாள் வயிறு உப்பியது. மறுபடி சுட்டார், மறுபடி உப்பியது. அரிசியில் என்ன இருக்கும் என்று எங்களுக்குப் புரியவில்லை. கடைசியில் ஒருநாள் என் கணவர் அடுக்களையில் ஒவ்வொரு டப்பாவாகத் திருப்பிப் படித்துக்கொண்டே வந்து, பெருங்காய டப்பாவில் நின்றார். பெருங்காயத்தை மைதாவில் பிசைந்துதான் கூட்டுவார்களாம். அத்தை டப்பாவை வாங்கி, எழுத்துக் கூட்டிப் படித்தார். "இதுலயுமா?" என்றார். அப்போதுதான் முதல் தடவையாக அவர் குரலில் பயத்தைக் கேட்டேன். ரசத்தில், சாம்பாரில், ஊறுகாயில் எல்லாம் அந்த டப்பா போயிருக்கிறது, துளித்துளியாகப் போனதால் தெரியாமல் இருந்திருக்கிறது.

அந்த ஆனி மாதம் சாரல் நன்றாகப் பிடித்துக்கொண்டது. குற்றாலத்தில் சீசன் வந்தால் அருவிக்குப் போகிற பாதை முழுக்க வறுவல் கடைகள் முளைத்துவிடும். வாசலிலேயே பெரிய இரும்புச் சட்டியில் தேங்காய் எண்ணெய் கொதிக்கும். குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டு வருகிறவர்கள் சுடச்சுட வாங்கித் தின்பார்கள். அத்தைக்கு அந்தக் கூட்டத்தில் ஒரு நம்பிக்கை வந்தது. "அங்கன இல்லாத வறுவலா? நான் போயி ஒவ்வொரு கடையா கேட்டுட்டு வாரேன்" என்றார். நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். கேட்கவில்லை. அறுபத்தேழு வயதில், குடையும் மஞ்சள் பையுமாக டவுன் பஸ் ஏறிப் போனார்.

சாயங்காலம் சேலை விளிம்பெல்லாம் சகதியாக வந்து சேர்ந்தார். பையில் பலாக்காய் வறுவல், குற்றாலத்தில் சக்கை வறுவல் என்பார்கள். "பதிமூணு கடை ஏறி எறங்கினேன். அந்தக் கடைக்காரன் சாமி மேல சத்தியம் பண்ணுதான். 'சக்கையும் எண்ணெயும் உப்பும்தான் ஆச்சி, மைதா ஒரு பொட்டு கெடையாது'ன்னான். மசாலா கூட போடாதேன்னு சொல்லி, கண்ணு முன்னாலேயே போடச் சொல்லி வாங்கியாந்தேன்" என்றார்.

நல்ல வறுவல் அது. நாக்கில் வைத்ததும் உடைந்தது. லேசான தித்திப்பு, பின்னால் உப்பு. நேந்திரங்காயின் அந்தக் கனம் இல்லை. அத்தை எதிரே உட்கார்ந்து நான் தின்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். முழுப் பொட்டலத்தையும் நான் ஒருத்தியே தின்றேன்.

அன்று விழுந்தவள் பத்து நாள் எழுந்திருக்கவில்லை. ஒன்றரை வருடமாக ஆறிக்கொண்டு வந்த குடல். வலியில் சுருண்டு கிடந்தேன். குடித்த தண்ணீர் அப்படியே போனது. பள்ளிக்கூடத்துக்கு விடுப்புச் சொல்லியாகிவிட்டது. நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, மத்தியானம், அத்தை கஞ்சி டம்ளரோடு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். அழுதிருக்கிறார் என்று பார்த்ததும் தெரிந்தது.

"சத்தியம் பண்ணினானே... ஒண்ணும் ஆவாதுன்னானே" என்றார். "ஒரு வாய் குடிட்டி. குடிச்சாத்தான் ஒடம்பு தேறும்."

அந்த டம்ளரை அவர் பிடித்திருந்த விதம்தான் என்னை என்னமோ செய்தது. இத்தனை வருடமும் அப்படித்தான் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். எனக்குள் எங்கே இருந்தது என்று தெரியவில்லை, குரலை உயர்த்தக்கூட இல்லை நான்.

"நீங்க குடுத்துக் குடுத்துத்தான் நாலு புள்ளையும் போச்சு. டாக்டரு சொன்னாரு. நீங்க ஊட்டின கோதுமைதான்."

'இருக்கலாம்' என்றுதான் மருத்துவர் சொல்லியிருந்தார். உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் சொல்லியிருந்தார். அந்த இரண்டையும் நான் விட்டுவிட்டேன். மறந்து விடவில்லை. தெரிந்தே விட்டேன்.

அத்தை "அப்படியா?" என்றுகூடக் கேட்கவில்லை. டம்ளரை முக்காலியில் வைத்துவிட்டு எழுந்து போனார். வயல் பக்கம் போய்விட்டு விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தார். ராத்திரிச் சாப்பாடு எப்போதும் போலச் செய்து வைத்தார். நான் சொன்னதை அத்தை என் கணவரிடம் சொல்லுவார், அவர் என்னிடம் சண்டைக்கு வருவார் என்று காத்திருந்தேன். எதுவும் நடக்கவில்லை.

உடம்பு தேறிய பிறகு ஒரு சனிக்கிழமை நானே குற்றாலம் போனேன். அத்தை சொன்ன அடையாளத்தை வைத்து அந்தக் கடையைக் கண்டுபிடித்தேன். சட்டையைப் பிடித்துக் கேட்க வேண்டும் என்றுதான் போனது. சாரலில் எதிரே ஒதுங்கி நின்று பார்த்தேன். முப்பது வயதிருக்கும், வேர்த்து விறுவிறுத்து நின்றான். சட்டியில் இருந்து ஒரு கரண்டி கலகலாவை அரித்து எடுத்தான். மைதாவில் சதுரம் சதுரமாக வெட்டிச் சுடுவது அது. சட்டியில் பொடியும் துகளும் மிதந்தன. அதே எண்ணெயில் பலாச்சுளைச் சீவலை அள்ளிப் போட்டான். என்னைப் பார்த்ததும், "வாங்கக்கா, சக்கை சூடா இருக்கு, தின்னு பாத்துட்டு வாங்குங்க" என்று ஒரு கைப்பிடி நீட்டினான். அவன் செய்த சத்தியத்தில் பொய் இல்லை. எண்ணெயைப் பற்றி அவனிடம் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். நான் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு பஸ் ஏறினேன். வீட்டில் போய் அத்தையிடம் இதைச் சொன்னேன். "எண்ணெயா" என்றார். 

அதற்கு அடுத்த வாரம் வீட்டுக்குப் புது இரும்புச் சட்டி ஒன்று வந்தது. புதுச் சீவுகட்டை, புது அரிகரண்டி. வயல் ஓரத்துத் தேங்காயைக் காயப்போட்டு, செக்கில் கூடவே நின்று ஆட்டிய எண்ணெய். அந்தச் சட்டியில் வேறு யாரும் எதையும் பொரிக்கக் கூடாது என்று அத்தை ஒரு பழைய வேட்டியில் கட்டி மேலே வைத்தார். வீட்டில் இருந்த மிச்ச மைதா, சேமியா எல்லாம் போயிற்று. அதோடு அத்தை தானும் கோதுமையை நிறுத்திவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. நானாகத்தான் கவனித்தேன். கல்யாண வீட்டில் கேசரியை இலையில் ஒதுக்கினார். தங்கை வீட்டில் டீயோடு வைத்த பிஸ்கட்டைத் தொடவில்லை. "உங்களுக்கு ஒண்ணும் செய்யாதே அத்தை" என்றேன் ஒருமுறை. "பிடிக்கல" என்றார்.

அப்புறம் தொடங்கியது அந்த வறுவல் வேலை. நான் பள்ளிக்கூடம் போனதும் ஏதாவது ஒரு காயை வைத்துக்கொண்டு உட்காருவார். சேனையைச் சீவி வறுத்தார். எனக்குத் தொண்டை அரித்தது, சீவிய அவருக்குக் கை முழுக்கத் தடித்துச் சிவந்தது. சேப்பங்கிழங்கு எண்ணெயைக் குடித்துவிட்டுச் சவசவ என்று வந்தது. மரச்சீனிக் கிழங்கு பல்லை உடைக்கிற மாதிரி இருந்தது. மார்கழியில் சிறுகிழங்கு வந்ததும் அதைத் தோல் சுரண்டி, காசு அகலத்துக்குக்கூட வராத துண்டுகளாகச் சீவினார். காலையில் இருந்து மத்தியானம் வரை உட்கார்ந்து ஒரு கைப்பிடி தேறியது. மண்வாசனையோடு நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அந்த ஒரு கைப்பிடிக்காக அவர் விரல் நுனி மூன்றும் தோல் உரிந்திருந்தது. பனங்கிழங்கை அவித்து, வில்லைகளாக நறுக்கி, வெயிலில் உலர்த்தி வறுத்துப் பார்த்தார். நார் பல்லில் சிக்கியது.

நான் சாயங்காலம் வந்ததும் டப்பாவைத் திறந்து பார்ப்பார். காலியாக இருந்தால் மூடி வைத்துவிட்டுப் போவார். மிச்சம் இருந்தால் அந்தக் காய் மறுபடி வீட்டுக்குள் வராது. எங்களுக்குள் இருந்த பேச்சு அந்த டப்பா வழியாகத்தான் நடந்தது. முன்பெல்லாம் குடிட்டி, தின்னுட்டி என்று பக்கத்தில் நிற்பாரே, அது போய்விட்டது. என் கையில் எதையும் நேராகக் கொடுக்க மாட்டார். வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். தின்னச் சொல்ல அவருக்குப் பயமாக இருந்திருக்கும்.

நான் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள எத்தனையோ தடவை வாய் வரை வந்தது. ஒவ்வொரு தடவையும் அந்தப் பேச்சை மறுபடி எடுத்தால் அவருக்கு இன்னும் வலிக்கும் என்று எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்குத் தைரியம் இல்லை. கொஞ்ச நாள், சொன்னதில் ஒரு திருப்தியும் இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

அடுத்த வருடம் வைகாசியில், செங்கோட்டையில் என் கணவரோடு வேலை பார்ப்பவர் வீட்டுக் கொல்லையில் இருந்து நாலு காய் வந்தது. பார்க்கப் பலாப்பிஞ்சு மாதிரி, கையில் அடங்கும் அளவில், பச்சையாக. செங்கோட்டைப் பக்கம் அதைக் கடச்சக்கை என்கிறார்கள். நம் ஆட்கள் சிலர் சீமைப்பலா என்பார்கள். குழம்பு வைக்கக் கொடுத்தது. அத்தை அதை வறுவலுக்கு எடுத்தார். தோல் சீவி, நடுவில் இருந்த பஞ்சை நீக்கி, கண்ணாடி மாதிரி மெல்லிசாகச் சீவி, தண்ணீரில் அலசித் துணியில் ஆற வைத்திருக்கிறார். எண்ணெயில் போட்டு, பாதி வெந்ததும் மஞ்சளும் உப்பும் கரைத்த தண்ணீரைத் தெளித்து, சடசடப்பு அடங்கியதும் எடுத்து, அம்மியில் நுணுக்கிய மிளகைத் தூவியிருக்கிறார்.

அலுவலகத்தில் நாலு மணிக்கு டப்பாவைத் திறந்தேன். ஒன்றை எடுத்து வாயில் வைத்தேன். ஓரம் மொறுமொறுப்பாக உடைந்தது, நடுவில் வெண்ணெய் மாதிரி ஒரு மென்மை. மிளகின் காரம் மெதுவாக வந்தது. பக்கத்து மேசை டீச்சர் ஒன்றை எடுத்துத் தின்றுவிட்டு, "இது என்னதுங்க?" என்று கேட்டு இன்னும் இரண்டு எடுத்தார். அப்புறம் இன்னொருத்தர். என் டப்பாவில் இருந்து மற்றவர்கள் எடுத்துத் தின்று எவ்வளவு காலம் ஆகியிருந்தது! வயிறும் ஒன்றும் செய்யவில்லை. ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

"நல்லா இருந்துச்சு அத்தை. ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றேன்.

"வயிறு?" என்றார். அது ஒன்றுதான் அவர் கேள்வி.

"ஒண்ணும் செய்யல."

அவர் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்க வேண்டும். அடுப்பில் பால் இருந்தது. அதைப் பார்க்கப் போனேன்.

அந்தக் காய்க் காலம் முழுக்க, வாரம் ஒரு முறை செங்கோட்டைக்கு பஸ் ஏறிப் போய்க் கடச்சக்கை வாங்கி வந்தார். புரட்டாசியில் ஒரு காலை, கிணற்றடியில் விழுந்து கிடந்தார். வலது பக்கம் முழுக்க வரவில்லை. வாய் கோணிவிட்டது. பேச்சு போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் மூக்கில் குழாய் வைத்திருந்தார்கள். அதை எடுத்ததும், மெதுவாக வாயால் கொடுத்துப் பாருங்கள் என்று சொல்லி, நர்ஸ் பாலில் ஊறவைத்த பிரட்டைக் கிண்ணத்தில் கொண்டுவந்தாள். ஸ்பூனை உதட்டருகே கொண்டு போனதும் அத்தை வாயை இறுக்கி மூடிக்கொண்டார். இடது பக்கம் மட்டும்தான் அவர் சொன்னதைக் கேட்கும். அந்தப் பக்கத்து உதட்டைப் பல்லால் கவ்விக்கொண்டார். நர்ஸ் மூன்று தடவை முயன்றாள். "பாட்டிக்கு வாயே திறக்க மாட்டேங்குது. விழுங்க முடியலன்னு எழுதிரவா? திரும்ப டியூப்தான் போடணும்" என்றாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. "கொஞ்சம் பொறுங்க" என்று ஓடிப்போய், வெளியே கடையில் குழைந்த அரிசிக் கஞ்சி வாங்கி வந்தேன். கிண்ணத்தை அவர் கண் முன்னால் காட்டி, "அரிசி அத்தை. வெறும் அரிசி" என்றேன். வாய் திறந்தது.

பாதிக் கஞ்சி கடைவாயில் வழிந்தது. துடைத்துவிட்டு, அவர் காதருகே குனிந்தேன். வார்டில் அத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதுகூட எனக்குத் தோன்றவில்லை. "அன்னைக்கு நான் சொன்னது தப்பு அத்தை. டாக்டரு உறுதியாச் சொல்லவே இல்ல. இருக்கலாம்னுதான் சொன்னாரு. நான்தான் அப்படிச் சொல்லிட்டேன். நீங்க ஒண்ணும் பண்ணல."

அவர் கண் என் முகத்தில் ஒரு கணம் நின்றது. பிறகு மேலே சுற்றிய மின்விசிறிக்குப் போனது. கேட்டதா, புரிந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இடது கையைப் பிடித்துக்கொண்டேன். அது என் கையைப் பிடிக்கவும் இல்லை, விலக்கவும் இல்லை. வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகும் நாலைந்து முறை அதையே சொன்னேன். அதே மின்விசிறிப் பார்வைதான். அரிசிக் கஞ்சியும் குழைத்த சோறும் தவிர எதையும் வாங்கவில்லை. தையில் ஒரு காலை நான் முகம் துடைக்கத் துணி நனைத்துக்கொண்டு வரும்போது மூச்சு நின்றிருந்தது.

அந்த வருடம் வைகாசி கடைசியில் நானும் என் கணவரும் பைக்கில் செங்கோட்டை போய்க் கடச்சக்கை வாங்கிக்கொண்டு குற்றாலம் வழியாகத் திரும்பினோம். சீசன் இன்னும் தொடங்கவில்லை. அருவியில் பாறை மட்டும் தெரிந்தது. வறுவல் கடைகளுக்கெல்லாம் தார்ப்பாய் இறக்கிக் கட்டியிருந்தது. ஒரே ஒரு டீக்கடை திறந்திருக்க, அங்கே வண்டியை நிறுத்தினார். டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ரோட்டைப் பார்த்தபடி சொன்னார்.

"நீ அம்மாட்ட சொன்னது எனக்குத் தெரியும்."

நான் டம்ளரைப் பெஞ்சில் வைத்தேன்.

"அன்னைக்கு வயலுக்குப் போனாள்லா, அங்கேருந்து நான் வேலை பாக்குற எடத்துக்கு நடந்தே வந்துட்டா. நான் போஸ்ட் மேல நிக்கேன். கீழ நின்னு கூப்பிடுதா. எறங்கி வந்தேன். 'அவ சொல்லுதது நெசமாலே?'ன்னு கேட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆமான்னேன்."

ஒரு வேன் நிறைய ஆட்கள் அருவி வரை போய், தண்ணீர் இல்லை என்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். 

"எனக்கும் கோவம் இருந்துச்சு" என்றார். "அவ மேலதான்னு இல்ல. யார் மேலயாவது. அந்த நேரத்துல அவ வந்து நின்னா. இல்லம்மா, டாக்டரு அப்படிச் சொல்லலன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். சொல்லல. பெறகு அவ எங்கிட்ட கேக்கவும் இல்ல."

அவரைத் திட்டவோ தேற்றவோ எனக்கு என்ன உரிமை இருக்கிறது? "ஆறப்போவுது, குடிங்க" என்றேன். குடித்தார்.

வீட்டுக்கு வந்ததும் அவர் சீவினார், நான் வறுத்தேன். அவருக்குச் சீவத் தெரியவில்லை. ஒன்று தடியாக, ஒன்று கிழிசலாக வந்தது. உப்புத் தண்ணீரை நான் முந்தித் தெளித்துவிட்டேன். எண்ணெய் சீறி மணிக்கட்டில் பட்டது. ஓரம் கருகி நடு வேகாத வறுவல். அதைத் தட்டில் போட்டு நடுவில் வைத்துக்கொண்டு, வெயில் தாழும் வரை இரண்டு பேரும் தின்றோம்.